இலத்தீன் மொழியில் தொகைச்சொற்கள்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், புதுச்சொல் வேண்டும்போதெல்லாம் பழஞ்சொற்கள் இரண்டைக் கூட்டிப் பார்க்கிறோம். இலக்கணம் இசைந்தாலும் கேட்போர் செவி சில வேளைகளில் இசைவதில்லை. பண்டை உரோமாபுரியில் இலத்தீன் எழுதியோர்க்கும் இத்தொல்லை இருந்தது.

இலத்தீனில் தொகை அமையும் முறை அரிதன்று. முன்சொல் தன் உருபை இழக்கும், அதன் ஈற்றில் பெரும்பாலும் இகரம் வந்து நிற்கும், உருபேற்பது பின்சொல்லே. 'அகெர்' என்பது வயல். 'கொலெரே' என்பது உழுது பேணுதல். இரண்டும் கூடி 'அக்ரிகொலா', அதாவது உழவன், ஆயிற்று. நம் வழக்கில் இதனை இரண்டாம் வேற்றுமைத்தொகை எனலாம். 'மக்னுஸ்' பெரிய, 'அனிமுஸ்' உள்ளம், 'மக்னானிமுஸ்' பெருமனம் உடையவன். இஃது அன்மொழித்தொகை. வடமொழியில் 'மகாத்மா' அமைந்ததும் இவ்வாறே. பின்சொல் உயிரில் தொடங்குவதால் இங்கே இகரம் தோன்றவில்லை.

சற்று நின்று நோக்கத்தக்கது வேறொன்று. 'துபா' என்பது ஊதுகொம்பு. 'கனோ' என்றால் இசைக்கிறேன். கொம்பூதுவோன் 'துபிகென்'. 'கன்' என்பது 'கென்' ஆகிவிட்டது. பழைய இலத்தீனில் அழுத்தம் முதலசையில் விழுந்தமையால் பின்வந்த குற்றுயிர்கள் மெலிந்தன என்பர் மொழிநூலார். 'அவிஸ்' என்னும் பறவையும் 'காபியோ' என்னும் பிடித்தலும் கூடிய 'அவ்கெப்ஸ்' (வேடன்) என்னும் சொல்லிலோ, உறுப்புகளைப் பிரித்தறிவதே கடினம். தேய்ந்த சொல்லைக் கண்டு எவரும் நகைப்பதில்லை.

புதிய சொல்லின் கதை வேறு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நாடகப் புலவர் பக்குவியுஸ், 'வளைந்த கழுத்துடைய' என்று பொருள்படும் நெடுந்தொகை ஒன்றை ஆக்கினார். கி.பி. முதல் நூற்றாண்டில் சொல்வன்மை கற்பித்த குவிந்திலியன் அதனை ஆராய்ந்தார். அதே பொருளுடைய கிரேக்கத் தொகையை வியக்கும் உரோமர், தம் மொழித்தொகையைக் கேட்டால் சிரிப்பை அடக்க அரும்பாடு படுகின்றனர் என்றார். இது மொழியின் இயல்பால் வந்ததன்று, அயலார் பொருள்மேல் உள்ள பற்றினால் வந்தது என்பதும் அவர் கருத்து. ஆங்கிலச் சொல்லை முகம் மாறாமல் ஏற்று, தமிழ்த்தொகையைக் கண்டு நகைக்கும் நண்பர் நம்மிடையேயும் உளர்.

உரோமர் தயங்கிய வழியில் பிற்காலத்து அறிவியலார் துணிந்து நடந்தனர். சுவீடன் நாட்டு லின்னேயுஸ் 1753-இல் வெளியிட்ட செடிநூலில் மாமரத்தின் பெயர் 'மாங்கிஃபெரா இண்டிகா'. 'ஃபெரோ' என்றால் தாங்குகிறேன். 'மாங்கா' என்பது போர்த்துக்கீசியர் நம் தென்னாட்டில் கேட்டுக் கொண்டுசென்ற சொல். அதன் ஈற்று ஆகாரம் நீங்கி, 'அக்ரிகொலா'வில் கண்ட அதே இகரம் அங்கே அமர்ந்திருக்கிறது.