மருந்துக்கும் பரீட்சை உண்டு

மாணவனுக்குப் பரீட்சை உண்டென்பதை நாம் எல்லோரும் அறிவோம். மருந்துக்கும் பரீட்சை உண்டென்பதையோ நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் வைத்தியன் அல்லன். கலைத்துறையிற் பட்டம் பெற்று, பாடசாலையிலே காலத்தைக் கழித்தவன். ஆயினும் பரீட்சை என்பது என்ன, அது எதை அளக்கும், எதை அளக்கத் தவறும் என்பவை என் தொழிலோடு ஒட்டிய வினாக்கள். எனவே ஒரு நோயையும் ஒரு மருந்தையும் எடுத்துக்கொண்டு, அம்மருந்து எவ்வாறு பரீட்சிக்கப்பட்டது என்பதை இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

நமது குருதியிற் செங்குழியங்களும் வெண்குழியங்களும் மட்டுமன்றிச் சிறுதட்டுக்கள் எனப்படும் நுண்ணிய துணிக்கைகளும் மிதக்கின்றன. விரலிற் கத்தி பட்டால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி, காயத்தின் வாயை அடைப்பவை இவையே. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இவை ஏறக்குறைய 150,000 முதல் 450,000 வரை இருத்தல் இயல்பு. இவற்றைப் பிறப்பிக்கும் என்பு மச்சையில் ஒரு கோளாறு தோன்றினால், இவை கட்டின்றிப் பெருகும். பத்து இலட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. வியன்னா நகரத்து எப்ஸ்டைன், கோடல் என்னும் இருவர் 1934ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தனர். காவலாளர் தொகை மிகுந்தால் வீட்டுக்கே இடைஞ்சலாவதுபோல, மிகுந்த சிறுதட்டுக்கள் குழாய்களுக்குள்ளேயே குருதியை உறையச் செய்து, மாரடைப்பையோ பாரிசவாதத்தையோ விளைவிக்கலாம். தொகை மிக உயரும்போது, அதற்கு மாறாக, குருதிப் பெருக்கும் ஏற்படலாம். ஆயினும் தக்க கவனிப்போடு பல்லாண்டு வாழ்பவர் பலர். பல்லாண்டு வாழவேண்டியவர் பல்லாண்டு உட்கொள்ளத்தக்க மருந்து எது என்பதே இங்கு எழும் வினா.

இதற்கு ஒரு விடை ஐதரொட்சியூரியா என்னும் மாத்திரை. இது சிறுதட்டுக்களைக் குறைக்கும் என்பது தெரிந்திருந்தது. ஆனால், குறைத்தால் நோயாளி பிழைப்பாரா? நெடுங்காலம் உட்கொண்டால் வேறு தீங்கு நேருமோ என்ற அச்சமும் இருந்தது. இத்தாலிய வைத்தியர்கள் ஆபத்து மிகுந்த 114 நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையால் இரு பிரிவாக்கினர். 1995இல் முடிவு வெளியாயிற்று. மருந்துண்ட 56 பேரில் இருவருக்கே குருதிக்கட்டி உண்டாயிற்று. அம்மருந்தின்றி இருந்த 58 பேரில் 14 பேருக்கு உண்டாயிற்று.

திருவுளச்சீட்டு எதற்கு என நீங்கள் கேட்கலாம். வகுப்பிற் சிறந்த மாணவரை மட்டும் தெரிந்து அவர் கையிற் புதிய பாடநூலைக் கொடுத்துவிட்டு, அவர்கள் சித்தியடைந்ததும் நூலே சிறந்ததென்று ஓர் ஆசிரியர் கூறினால் நாம் ஏற்போமா? வைத்தியரும் மனிதரே. தேர்வு அவர் கையில் இருந்தால், தம்மை அறியாமலே திடமானவருக்குப் புதிய மருந்தையும் தளர்ந்தவருக்குப் பழைய மருந்தையும் கொடுத்துவிடக்கூடும். சீட்டுக்கு அவ்வித பட்சபாதம் இல்லை.

அடுத்து, பிரித்தானியாவிலே 809 நோயாளரைக் கொண்டு நடந்த பரீட்சையொன்று 2005இல் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. ஒரு பிரிவினர் ஐதரொட்சியூரியாவும், மறு பிரிவினர் அனகிரலைட் என்னும் மருந்தும் பெற்றனர். இரு சாராரும் அஸ்பிரினும் உட்கொண்டனர். இரு பிரிவிலும் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை ஒத்த அளவிலேயே கட்டுப்பட்டது. ஆனால் நாடிகளில் உண்டாகும் குருதிக்கட்டிகள் அனகிரலைட் பெற்றவரிடையே மிகுதியாகக் காணப்பட்டன. நாளங்களில் உண்டாகும் கட்டிகளோ அவரிடையே குறைவு. எண் ஒன்றாயிருக்க, கதி வேறாயிற்று. புள்ளிகள் சமமாயிருப்பதனால் இரு மாணவரின் அறிவு சமமென்று கொள்ளலாகாது என்பதை ஆசிரியர் நன்கறிவர்.

இனி இன்டர்பெரோனுக்கு வருவோம். 1957இல் இலண்டன் மாநகரிலே ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் கோழிமுட்டையின் சவ்வையும் இன்புளுவென்சா வைரசையும் கொண்டு ஆய்ந்தனர். செயலிழந்த வைரசு பட்ட சவ்வு ஒரு பொருளைச் சுரந்தது. அப்பொருள் புதிய சவ்வை வைரசிலிருந்து காத்தது. வைரசின் செயலில் இடையிட்டுத் தடுப்பது என்னும் கருத்தில் அதற்கு இன்டர்பெரோன் எனப் பெயரிட்டனர். நெடுங்காலம் அது கிடைத்தற்கரிய பொருளாகவே இருந்தது. 1980இல் சூரிச் நகரத்து வைஸ்மன் குழுவினர் பற்றீரியாவினுள் அதனை உண்டாக்கிய பின்னரே மிகுதியாய்க் கிடைக்கலாயிற்று.

இப்புரதம் என்பு மச்சையின் மிகைப் பெருக்கத்தையும் அடக்கும் என்பது அதன்பின் புலனாயிற்று. 2005இல் வேறொரு செய்தியும் வெளிவந்தது: இந்நோயாளரில் ஏறக்குறைய பாதிப்பேரின் என்பு மச்சைக் கலங்களில் ஜாக் இரண்டு என்னும் பரம்பரை அலகு பிறழ்ந்துள்ளது. இன்டர்பெரோன் சிறுதட்டுக்களைக் குறைப்பதோடு, பிறழ்ந்த கலங்களின் பங்கையும் சிலரிற் குறைக்கின்றது. கிளையை வெட்டுவதோடு வேரையும் தீண்டுகின்றதோ என்ற நம்பிக்கை இதனாற் பிறந்தது. கருவுற்ற பெண்களுக்கு ஐதரொட்சியூரியா தகாது. மருந்து வேண்டிய இடத்து அவர்களுக்கு வைத்தியர் நாடுவதும் இன்டர்பெரோனையே.

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரத்திலே, உடலில் நெடிது தங்குமாறு திருத்திய இன்டர்பெரோனை இந்நோயாளர் 39 பேருக்கும், இதன் உடன்பிறப்பான செங்குழியப் பெருக்க நோயுடைய 40 பேருக்கும் கொடுத்தனர். ஐவரில் நால்வர் பயனடைந்தனர் என 2009இல் அறிவித்தனர். ஆனால் அங்கே ஒப்பிடுவதற்கு மறு பிரிவு இல்லை. அவ்வொப்பீட்டை, இரு நோயாளருமாக 168 பேரைக் கொண்ட வேறொரு பரீட்சை செய்தது. அதன் முடிவு 2022இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் முழுப்பயன் பெற்றோர் ஐதரொட்சியூரியாவில் நூற்றுக்கு 37, இன்டர்பெரோனில் 35. வேற்றுமை இல்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலோ முன்னையது 20, 17 என இறங்க, பின்னையது 29, 33 என நின்றது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் இன்டர்பெரோனில் நூற்றுக்கு 46 பேருக்கும் மற்றையதில் 28 பேருக்கும் நேர்ந்தன. குருதிக்கட்டிகள் இரு பிரிவிலும் அரிதாகவே இருந்தமையால், அவற்றைத் தடுப்பதில் எது மேல் என்ற பெரிய வினாவுக்கு அப்பரீட்சை விடை தரவில்லை.

அண்மையில், ஐதரொட்சியூரியா பயன்படாத அல்லது ஒவ்வாத 174 நோயாளரிடையே, இரு வாரத்துக்கொருமுறை ஊசியாய் ஏற்றும் புதுவகை இன்டர்பெரோன் அனகிரலைட்டோடு ஒப்பிடப்பட்டது. நிலைத்த பயன் முன்னையதில் நூற்றுக்கு 42.9, பின்னையதில் 6 என 2025இல் அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தியே. எனினும் காய்ச்சல், அயர்ச்சி, சிலருக்கு மனச்சோர்வு ஆகியவை இம்மருந்தோடு வருவன என்பதையும் மறத்தலாகாது. எந்நோயாளியும் வானொலிப் பேச்சைக் கேட்டுத் தம் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். அது வைத்தியரோடு கலந்து முடிவுசெய்ய வேண்டியது.

நேயர்களே, இவ்வெண்களுக்குப் பின்னால் நிற்பவர் மனிதர். இத்தாலியிலே அம்மாத்திரையின்றி இருந்த 58 பேரை எண்ணிப் பாருங்கள். அவருள் 14 பேருக்கு நேர்ந்த துன்பமே, பின்வந்த எண்ணற்றோருக்கு மருந்து தேவை என்பதை உறுதிசெய்தது. சீட்டில் எது விழுமென்று அறியாமல் மனமுவந்து இசைபவரின் துணையின்றி எந்த மருந்தும் சித்தியடைவதில்லை. இசையவும், வேண்டாத பொழுது விலகவும் அவர்க்குள்ள உரிமையைக் காப்பது இப்பரீட்சைகளின் முதல் விதியாதல் வேண்டும்.

ஆகவே, அற்புத மருந்தொன்று வந்துவிட்டதென்று யாரேனும் கூறினால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டார்கள்? எண்ணிக்கையை அளந்தார்களா, மனிதரின் நலத்தை அளந்தார்களா? எத்தனை ஆண்டு பொறுத்திருந்து பார்த்தார்கள்? இம்மூன்றுக்கும் விடை கேட்டறிபவர் எந்த ஆரவாரத்துக்கும் எளிதில் மயங்கார்.