அளக்காமல் ஏற்றும் சலைன்

பல்லவர் காலத்தில் கடிகை என்னும் கல்விச்சாலை இருந்த காஞ்சிபுரம் இது. படிக்க வந்த மயூரசர்மன் பல்லவக் குதிரை வீரனோடு சண்டை போட்டுப் போய்த் தனி அரசே கண்டதாகத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனாலும், மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க இந்த நாற்காலியில் உட்காரும் உதறலையும் மீறி, ஒரு பழைய வழக்கைக் கிளறாமல் விடப்போவதில்லை.

தலைப்பு ‘தீவிர சிகிச்சையில் வயிற்றறை அழுத்தம்’. 12 மி.மீ. பாதரசம் தொட்டு நீடித்தால் உயர் அழுத்தம். 20-ஐத் தாண்டி நீடிக்கையில் புதிதாக ஓர் உறுப்பும் தடுமாறினால் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். 2013 வழிகாட்டுதல்களை நீங்கள் அறிவீர்கள். மூக்குக்குழாய், வலியடக்கம், நீர் வடித்தல், கடைசியாக வயிற்றைத் திறப்பது எல்லாம் பிற்பகல் அமர்வுகளில் வருகின்றன.

என் வழக்கு அதற்கு முந்தைய படியில். 1876-இலேயே ஜெர்மனியின் வெண்ட், வயிற்றழுத்தம் ஏற ஏறச் சிறுநீர் குறைவதை எழுதிவைத்தார். 1911-இல் ஹேவன் எமர்சன், விலங்குகளில் அழுத்தத்தை ஏற்றி இதயம் திணறுவதைக் காட்டினார். நம் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் 1984-இல், சிறுநீர்ப்பை வழியே அளந்த குரோனோடு தொடங்குகிறது. முன்னோடிகளை மறந்ததன் விலையை வார்டில் கொடுக்கிறோம்: சிறுநீர் குறைந்ததா, இன்னொரு பாட்டில் சலைன். குடல் இன்னும் வீங்குகிறது, சிறுநீரகச் சிரை இன்னும் நசுங்குகிறது, சிறுநீர் இன்னும் குறைகிறது. மையச் சிரை அழுத்தமான சி.வி.பி. மட்டும் உயர்ந்து நின்று, நீர் நிறைந்துவிட்டது என்று நம்மை ஏமாற்றுகிறது. கணைய அழற்சியிலும் டெங்கு அதிர்ச்சியிலும் இந்தச் சுழலைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்கமாட்டார்.

“என் கைக்குத் தெரியாதா?” என்று முன்னொரு கருத்தரங்கில் என் மதிப்பிற்குரிய நண்பர் கேட்டார். அவர் கையின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அறுவை அரங்கில் அதற்கு இணையில்லை. ஆனால் 2000-இல் கனடாவில் கிர்க்பாட்ரிக் குழு, கைப்பரிசோதனையைச் சிறுநீர்ப்பை அளவோடு ஒப்பிட்டது. உயர் அழுத்தத்தைக் கை பலமுறை தவறவிட்டது. வயிற்றின் சுற்றளவை டேப்பால் அளந்தும் பயனில்லை. காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனை நண்பர்களைக் கேளுங்கள். மாதக்கணக்கில் நீர் கோத்துத் தளர்ந்து விரிந்த பெருவயிறு தாங்கும் நீரை, ஒரே இரவில் வீங்கிய சிறுவயிறு தாங்காது. சுற்றளவு வேறு, அழுத்தம் வேறு.

“சிறுநீர்ப்பை வழியே அளப்பது கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்குத்தான் கட்டுப்படியாகும்” என்றார் இன்னொருவர். ஐயா, தேவையானவை ஃபோலி கதீட்டர், மூவழி அடைப்பான், 25 மி.லி.க்கு மேற்படாத சலைன். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றுத் தசை இறுகாதபோது, நடு அக்குள் கோட்டில் பூஜ்யம் வைத்து, மூச்சு வெளியேறி முடிகையில் படியுங்கள். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் படித்தால் கணக்குப் பொய்யாகும். மானிட்டர் இல்லையா? சி.வி.பி. பார்க்கும் நீர்மானி போதும். வரும் சென்டிமீட்டரை 1.36-ஆல் வகுங்கள், 27 செ.மீ. நீர் என்பது ஏறக்குறைய 20 மி.மீ. பாதரசம். இதில் செலவு எங்கே?

குறை செலவில் இல்லை, சார்ட்டில் இருக்கிறது. நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவுக்குக் கட்டங்கள் உண்டு, இதற்கு இல்லை. கட்டம் இருந்தால் இரவுப்பணிச் செவிலியர் நிரப்பிவிடுவார். எனவே இக்கருத்தரங்கு ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன்: ஆபத்து உள்ள ஒவ்வொரு ஐ.சி.யூ. நோயாளிக்கும் 4 முதல் 6 மணிக்கொருமுறை வயிற்றறை அழுத்தம் எழுதப்படட்டும். அந்த எண்ணைப் பார்க்காமல், சிறுநீர் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக அடுத்த பாட்டில் ஏறக்கூடாது. எதிர்ப்பவர்கள் தங்கள் அளவீடுகளோடு மேடைக்கு வரலாம்.