மகாநாடு கூட்டுதல்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மகாநாடு கூட்டுதல் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். மகாநாடென்றவுடன் அலங்காரப் பந்தலும் அக்கிராசனர் ஊர்வலமும் தீர்மானங்களுமே பலர் மனத்துத் தோன்றும். யாம் பேச எடுத்துக்கொண்டவையோ அடுக்களையும் மலகூடமும் கிணறுமாம். இச்சபைக்கு இது தகுமோ எனின், தகும். இந்திய தேசீய காங்கிரஸின் முதற் கூட்டமே நோய்க்கு அஞ்சி இடம்பெயர்ந்ததன்றோ? 1885-ஆம் ஆண்டு புனாவிற் கூடவேண்டிய அது, ஆங்கு வாந்திபேதி கண்டமையால் பம்பாய்க்கு மாற்றப்பட்டது. வந்த பிரதிநிதிகள் 72 பேரே. அவர்க்கு ஒரு கல்லூரிக் கட்டடம் போதியதாயிற்று.

பிரதிநிதிகள் பெருகப் பெருகத் தொல்லையும் பெருகிற்று. 1901 டிசம்பரிற் கல்கத்தா மகாநாட்டிற்கு வந்திருந்த காந்தியடிகள், ஆங்குக் கண்டவற்றைத் தம் சுயசரிதையில் ஒளியாது எழுதியுள்ளார். தொண்டர்க்குக் குறைவில்லை; ஆயின் ஒருவரை ஒரு வேலைக்கு ஏவினால் அவர் மற்றொருவரை ஏவுவார், அவர் மூன்றாமவரை ஏவுவார். (நம் இல்லத் திருமணங்களை நினைந்து சிலர் நகைப்பதைக் காண்கின்றோம்.) மலகூடங்கள் சிலவே, எங்கும் நீர் தேங்கி நாறிற்று. தொண்டரிடம் காட்டியபொழுது, 'அது தோட்டியின் வேலை' என்றனர். அடிகள் துடைப்பம் கேட்டார். கேட்கப்பட்டவர் திகைத்து நின்றார். பின்னர் அவரே ஒன்றைத் தேடியெடுத்துத் துப்புரவு செய்தார். கூட்டம் நீடித்திருப்பின் கொள்ளைநோய் பரவ அஃது ஏற்ற இடமாயிருந்தது என்பது அவர் கருத்து.

நம்மவர் நாணுதற்குரிய செய்தியும் அந்நூலில் உண்டு. தமிழ்ப் பிரதிநிதிகட்கு மட்டும், ஏனை அடுக்களைகட்கு மிகத் தொலைவில், பிரப்பந்தட்டிகளால் மறைத்த தனி அடுக்களை அமைக்கப்பட்டது. உண்ணுங்கால் பிறர் பார்வை படினும் தீட்டாமே! மறைப்பினுள் அடைபட்ட புகையோ மூச்சைத் திணற அடித்தது. தேச முழுமைக்கும் பேச வந்தவர் தட்டிக்குப் பின்னே கண் கசக்கி உண்டனர்.

1924-ஆம் ஆண்டு பெல்காமில், அடிகள் தலைமை தாங்கிய ஒரே காங்கிரஸ் மகாநாடு கூடிற்று. கங்காதரராவ் தேஷ்பாண்டே முதலிய வரவேற்புக் குழுவினர், வருவோர்க்கு நீர் வேண்டிக் கிணறு வெட்டினர். அதற்குப் பம்பா சரோவரம் என்று பெயர். பந்தல் பிரிக்கப்பட்டது, கிணறு நின்றது. மலகூடப் பணியைக் காகா காலேல்கர் தலைமையில் தொண்டர்களே ஏற்றனர். 1901-இல் துடைப்பத்தைக் கண்டு திகைத்தவர் வகுப்பினரே, இங்கு அதனைக் கையிலேந்தினர். 1938-இல் தாப்திக் கரையிலுள்ள ஹரிபுரா என்னும் சிற்றூரில் 51-ஆம் மகாநாடு கூடியபோது, தலைவர் சுபாஷ் போஸ் 51 காளைகள் பூட்டிய தேரில் வந்தார். அத்தேரையே யாவரும் பேசுவர். சிற்றூரில் அத்துணைக் கூட்டத்திற்கு நீரும் சோறும் அமைத்தவரைக் கேட்பாரில்லை.

இனி நம் மகாநாடு தைத் திங்களிற் கூடவுள்ளது. போஜனக் குழுவினரின் வரைபடத்தில், பந்தலிடுவார்க்கும் மேளக்காரர்க்கும் தனிப் பந்தியும் இடையே ஓர் ஓலைத் தட்டியும் குறித்திருக்கக் கண்டோம். அத்தட்டியை நீக்குமாறு எழுதிக் கொடுத்துள்ளோம். நீங்கும் வரை வரவேற்புக் குழுவில் எம் பெயர் இராது. துப்புரவுப் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. அதில் எம் பெயரையும் எம் மூத்த மைந்தன் பெயரையும் முதற்கண் எழுதியுள்ளோம். தாள் காரியதரிசியாரிடத்து இருக்கின்றது.