விற்பவரின் நடிப்பும் வாங்குபவரின் மனமும்



மேலாண்மைப் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் விற்பனைத் துறைக்குப் போகிறீர்கள். அந்தத் தொழிலின் உயிர்நாடியைக் காஞ்சிபுரத்திலோ தியாகராய நகரிலோ ஒரு பட்டுக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே பார்த்துவிடலாம். கல்யாண வீட்டார் கூட்டமாக நுழைவார்கள். "பொண்ணு யாரும்மா?" என்று கேட்கும்போதே, முடிவு சொல்லப்போவது பெண்ணா, அத்தையா, பாட்டியா என்று விற்பனையாளர் கணித்துவிடுவார். சேலையை ஓர் உதறு உதறுவார். ஜரிகை முந்தி சரியாகப் பாட்டியின் எதிரே வந்து விழும். பெண்ணின் கண் எந்த நிறத்தில் ஒரு நொடி கூடுதலாகத் தங்குகிறது என்று பார்த்துவைத்து, அடுத்து அந்த நிறத்தையே எடுப்பார். முந்தியை அவள் தோளில் போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் போதும், அது அவளுடைய முகூர்த்தப் புடவை ஆகிவிடும். இது முழுக்க நடிப்புதான். ஆனாலும் நான் மதிக்கும் நடிப்பு. எது தனக்குப் பொருந்தும் என்று தெரியாமல் வந்தவளுக்கு, அவர் அதைக் கண்ணால் காட்டிவிடுகிறார்.

அவரே முதலில் 40,000 ரூபாய்ப் புடவையை விரித்துவிட்டுப் பிறகு 18,000 ரூபாய்ப் புடவையை எடுத்தால், இரண்டாவது மலிவாகத் தோன்றும். 1974இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் இதன் வேரைக் காட்டினார்கள். 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. சபை உறுப்பினர்களில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 விழுந்தவர்கள் சுமார் 25 என்றார்கள். 65 விழுந்தவர்கள் சுமார் 45 என்றார்கள். சம்பந்தமே இல்லாத ஓர் எண் மனத்தை அந்த அளவுக்கு இழுத்தது.

பட்டுக்கடையில் பாட்டி உதட்டைப் பிதுக்கலாம், பேரம் பேசலாம், எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். கைபேசித் திரையில் அந்த வாய்ப்பையே பறிக்கிறார்கள். இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காமலே கூடையில் ஒரு பொருளைச் சேர்ப்பது, சந்தாவிலிருந்து விலகும் வழியை மறைப்பது என 13 வகைத் தந்திரங்களை 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடைசெய்தது. எல்லை எது என்று அறிய ஒரு கேள்வி போதும்: நீங்கள் கையாண்ட உத்தியைப் பொருள் வாங்கியவரிடமே வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முடியுமென்றால் தாராளமாகக் கையாளுங்கள். சொன்னால் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்றால், அது ஏமாற்று.

இன்னொருவரை நாம் அடிக்கடி மறக்கிறோம்: நாள் முழுக்க நடிப்பவர். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட், சம்பளத்துக்காகச் சிரிப்பதும் உழைப்பே என்று 1983இல் எழுதினார். நம் ஜவுளிக்கடைப் பெண்கள் அந்தச் சிரிப்பைக் கால் கடுக்க நின்றுகொண்டே தந்தார்கள். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 2021இல்தான்.

நாளை நீங்கள் மேலாளர்கள். விற்பனை இலக்கை எழுதுவதும், விற்பவர் பேச வேண்டிய வசனத்தை எழுதுவதும் நீங்கள்தான். அந்த வசனத்தில் பொய் இருக்க விடாதீர்கள். வேலைக்குச் சேரும் முதல் நாளே, உங்கள் தளத்தில் நிற்பவர்களுக்கு இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள்.