ஒரே பொருளில் மூன்றாண்டு: தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியும் ஆழக் கல்வியும்

கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையின் கால அட்டவணையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது நெரிசல்தான். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகள். கணிதம், அறிவியல், வரலாறு. நன்னெறி, உடற்கல்வி, நலக்கல்வி. காட்சிக்கலை, இசை, வடிவமைப்பும் தொழில்நுட்பமும். ஆக 12 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலைத்திட்ட ஆவணம். ஒவ்வோர் ஆவணத்திலும் எண்ணிட்ட கற்றல் தரங்கள். ஆசிரியர் அறையில் ஆண்டு முழுவதும் கேட்கப்படும் கேள்வி பாடம் முடிந்ததா என்பதே. பிள்ளைக்குப் புரிந்ததா என்பது நேரம் மிஞ்சினால் வரும். இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. 40 வாரத்துக்குள் இத்தனையையும் கடந்தாக வேண்டியவர் எதிலும் நின்று பார்க்க முடியாது. நான் முன்வைப்பது ஒரே யோசனை. வடசிலாங்கூரின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொருள் தரப்பட வேண்டும். ஆறாம் ஆண்டு முடியும்வரை, வாரத்துக்கு ஒரு மணி நேரம், அந்தப் பிள்ளை அதையே படிக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 120 மணி நேரம். மற்ற நேரமெல்லாம் இப்போதுபோலவே அகலத்துக்கே இருக்கட்டும்.

யோசனை முழுக்க என்னுடையதன்று. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கல்வியாளர் கீரன் ஈகன் 2010இல் வெளியிட்ட நூலில் இதன் மூல வடிவம் இருக்கிறது. அவர் பள்ளி வாழ்வின் தொடக்கத்திலேயே பிள்ளைக்கு ஆப்பிள், தூசு, இலை என்று ஏதாவதொரு பொருளைக் குலுக்கல் முறையில் கொடுத்து, பன்னிரண்டு ஆண்டும் அதையே தொடரச் சொன்னார். நம் தமிழ்ப்பள்ளியின் கையில் பிள்ளை இருப்பது ஆறாம் ஆண்டுவரைதான் என்பதால் நான் மூன்றாண்டாகச் சுருக்குகிறேன். இதே திசையில் வேறு குரல்களும் எழுந்திருக்கின்றன. குறைவாகக் கற்பித்து நிறையக் கற்கச் செய்வது என்பதைச் சிங்கப்பூர் 2004இல் அரசுக் கொள்கையாகவே அறிவித்தது. அமெரிக்காவில் 55 கல்லூரி, பல்கலைக்கழகங்களின் 8,310 மாணவர்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உயர்நிலைப் பள்ளியில் ஓர் அறிவியல் தலைப்பிலாவது ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்கிப் படித்தவர்கள் கல்லூரி அறிவியலில் கூடுதல் மதிப்பெண் பெற்றதைக் கண்டது. எல்லாத் தலைப்புகளையும் தொட்டுச் சென்றவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. உயிரியலில் சற்றுப் பின்னடைவுகூட இருந்தது. அது பெரிய பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு என்பதையும், இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்பதையும் நான் மறைக்கவில்லை. தொடக்கப்பள்ளியில் ஆழம் என்பது எப்படி இருக்கும் என்பதை உள்ளே புகுந்து பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

செம்பனையை எடுத்துக்கொள்வோம். இந்த மண்ணில் அதைவிட மலிவான கற்றல் பொருள் கிடையாது. ஒரு குலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கள் இருக்கும். அதை உதிர்த்து, கதிர்களை எண்ணி, பழங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, எடை போட்டுச் சராசரி காண்பதற்கே சில வாரங்கள் பிடிக்கும். கணிதப் பாடத்துக்கு இதைவிட நேர்மையான எண்கள் வேண்டியதில்லை. ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டினால் வெளியே செம்மஞ்சள் சதை, உள்ளே கறுத்த ஓடு, அதற்குள் வெள்ளைப் பருப்பு. சதையில் ஓர் எண்ணெய், பருப்பில் வேறோர் எண்ணெய். சதை ஏன் அந்த நிறம்? ஓடு ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது? இன்று தோட்டங்களில் நிற்பது தடித்த ஓடுள்ள துரா வகையையும் ஓடே இல்லாத பிசிபெரா வகையையும் கலந்த தெனேரா. இந்த ஓட்டின் தடிமன் ஒற்றை மரபணுவால் வருகிறது என்பது 1941இல் காங்கோவில் நிறுவப்பட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பட்டாணிச் செடி தேவையில்லை, கையிலிருக்கும் பழத்தைக் காட்டியே மரபுவழியைச் சொல்லலாம். வெட்டிய குலை ஏன் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்று கேட்டால், நசுங்கிய பழத்தில் நொதி வேலை செய்து எண்ணெய் புளித்துப்போவதும், ஆலையில் முதல் வேலையாக நீராவியில் வேகவைப்பது அந்த நொதியை அடக்கவே என்பதும் வரும். அடுத்து பூ. ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு காலத்தில் வரும். மலர்ந்த ஆண்பூவை வெள்ளைத் தாளின்மேல் உதறினால் சில மில்லிமீட்டர் நீளக் கூன்வண்டுகள் கொட்டும். அந்த வண்டு இந்த நாட்டுக்கு உரியதன்று; 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அதற்கு முன்னால் பல தோட்டங்களில் மகரந்தத்தைத் தூளோடு கலந்து ஆட்களே பூவில் தூவினார்கள். அந்த வேலையைச் செய்த பாட்டிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளை அவர்களைத் தமிழில் கேட்டு எழுதிவந்தால், அது எந்தப் பாடநூலிலும் இல்லாத முதல்நிலைச் சான்று.

வரலாறும் அருகிலேயே இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. அது இன்றைய பெஸ்தாரி ஜெயா, அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரம். கோல சிலாங்கூரிலிருந்து காரில் போய்வரும் தூரம். அதே ஃபோக்கோனியே பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்வை நாவலாக எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். அவர் தொடக்கத்தில் கொண்டுவந்த விதைகள் சுமத்ராவைச் சேர்ந்தவை. சுமத்ரா மரங்களின் முன்னோர் 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு வந்த நான்கே நான்கு கன்றுகள். ஒரு பழத்தில் புறப்பட்ட பிள்ளை இப்படி ஆப்பிரிக்கா, ஜாவா, பாரிஸ் என்று போய், உலகச் சந்தை விலையிடம் வந்து நிற்கிறான். இதை 12 பாடங்களில் எதன்கீழ் வைப்பது? இந்த நாடு அந்தச் சிக்கலை ஏற்கெனவே ஒருமுறை அவிழ்க்கப் பார்த்தது. 1983இல் அறிமுகமான கே.பி.எஸ்.ஆர். என்னும் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் அறிவியல், வரலாறு, புவியியல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ‘மனிதனும் சுற்றுச்சூழலும்’ என்றொரு பாடம் இருந்தது. 1990களில் அது மறுபடி பிரிக்கப்பட்டது. பாடங்களை ஒன்றாகக் கட்டியதால் மட்டும் ஆழம் வந்துவிடவில்லை. அந்தப் பாடமும் தலைப்புகளின் நீண்ட பட்டியலாகவே இருந்தது. ஒரு தலைப்பில் தங்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை.

ஆழத்தின் பயன் தகவல் சேர்வது என்று நினைத்தால் பாதிதான் பிடித்தோம். ஒரு பொருளை மூன்றாண்டு துருவிய பிள்ளைக்கு வேறொன்று வாய்க்கிறது: தெரியாததன் எல்லை எங்கே தொடங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும். வண்டு ஏன் அந்த மணத்தை நாடுகிறது என்று கேட்டு, ஆசிரியருக்கும் தெரியாமல், புத்தகத்தில் தேடி, விடையில் பாதியே கிடைத்த அனுபவம் அவனிடம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் என்று 200 தலைப்புகளைக் கடந்த பிள்ளைக்கு எல்லாம் ஒரே அளவில் தெரிந்ததாகத் தோன்றும். அவனிடம் யாராவது உறுதியான குரலில் பொய் சொன்னால், அதை எடைபோடக் கையில் அளவுகோல் இருக்காது. கைப்பேசியில் வருவதையெல்லாம் நம்பும் பெரியவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

இனி மறுப்புகள். மிக வலுவானது அமெரிக்கக் கல்வியாளர் இ. டி. ஹெர்ஷ் தரப்பினுடையது. வாசிப்பு என்பது எழுத்துக்கூட்டும் திறன் மட்டுமன்று, பொருளறிவு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது, ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிதான் தர வேண்டும். எனவே பள்ளி பரந்த அறிவைத் தந்தே ஆகவேண்டும் என்பார்கள். இதற்கு அவர்கள் தரும் சான்று 1988இல் வெளிவந்த பேஸ்பால் ஆய்வு. வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் நன்கறிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிடப் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியைச் சிறப்பாகப் புரிந்துகொண்டார்கள். வாதத்தின் முதற்பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதே ஆய்வைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பலவீனமான வாசகர்களைத் தூக்கிவிட்டது ஒரு துறையில் இருந்த ஆழமான அறிவு. தொட்டும் தொடாமலும் படித்த பேஸ்பால் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. மேலும், அகலமான கலைத்திட்டம் வைத்திருப்பதனால் மட்டும் அகலமான அறிவு தானாக வந்துவிடாது. 2022 பீசா தேர்வின் வாசிப்புப் பகுதியில் நம் பதினைந்து வயதினர் பெற்ற சராசரி 388. ஓஇசிடி நாடுகளின் சராசரி 476. பட்டியலில் இருப்பது தலையில் ஏறவில்லை.

அகலம் வேறு வழியிலும் வரும். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள், பத்துப் பொருள்கள். ஒருவனுக்குச் செம்பனை வந்தால், இன்னொருத்திக்கு மின்மினி வரலாம். மற்றவர்களுக்குத் தஞ்சோங் காராங் நெல், அலையாத்திச் சேறு, புக்கிட் மெலாவத்திக் கலங்கரை விளக்கம், உப்பு. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒத்திசைந்து மின்னும் டெரோப்டிக்ஸ் டெனெர் பூச்சியை மின்மினிக்காரி படிப்பாள். அதன் புழு கரையோரத்து ஈர நிலத்தில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரைக்காட்டை அழித்துச் செம்பனை நட்டால் புழுவுக்கு வீடில்லை. இரண்டாம் ஆண்டிலேயே இவளுக்கும் செம்பனைக்காரனுக்கும் வழக்கு வந்துவிடும். இருவரிடமும் சான்று இருக்கும். மற்ற எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த எட்டுப் பேருக்குக் கிடைப்பதும் அகல அறிவுதான், ஆனால் தெரிந்தவர் வாயிலிருந்து கிடைப்பது.

இரண்டாவது மறுப்பு நம் சமூகத்துக்குள்ளிருந்து வருவது. அதைச் சொல்பவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறவே பிள்ளையைப் படிக்க வைக்கிறோம், பள்ளியும் அவனைச் செம்பனை மரத்தடியில் உட்கார வைப்பதா? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்கள் கிராணியையோ கங்காணியையோ வாத்தியாராக்கி, ஒரு கொட்டகையில் எழுத்தும் கூட்டல் கழித்தலும் சொல்லித்தந்து கடமையை முடித்துக்கொண்டன. பால்வெட்டுக்கு அடுத்த தலைமுறை தயாராக வேண்டும் என்பதே நிர்வாகத்தின் கணக்கு. தமிழ்நாட்டிலும் 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்க்க, 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே. ஆகவேதான் பொருளைக் குலுக்கிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். அப்பா குலை வெட்டுகிறார் என்பதற்காக மகனுக்குச் செம்பனை கொடுக்கக்கூடாது. வழக்கறிஞரின் மகளுக்கும் அது வரலாம், லோரி ஓட்டுநரின் மகனுக்குக் கலங்கரை விளக்கம் வரலாம். குலை வெட்டப் பழகுவது வேறு, குலையைத் தாவரவியலாகவும் வணிகமாகவும் வரலாறாகவும் அறிவது வேறு. குலக்கல்வி பள்ளி நேரத்தைப் பறித்தது. இந்த யோசனை பள்ளி நேரத்துக்குள்ளேயே நடப்பது. தோட்டத்துப் பிள்ளை அறியாமல் விட்டால் செம்பனையைப் பற்றிய அறிவு அழிந்துவிடாது. அது நிர்வாகத்திடமும் ஆய்வுக்கூடத்திடமும் மட்டும் இருக்கும்.

ஆசிரியருக்கே அந்த ஆழம் இல்லையே என்பது மூன்றாவது. உண்மை, இருக்கவும் வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் 1978இல் மாவட்டம் முழுதும் விரிந்தது. சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியர்கள் விடுமுறைப் பயிற்சிகளில் பிள்ளைகளின் சோதனைகளைத் தாங்களே செய்து பார்த்தார்கள். விடை தெரியாத கேள்விகளைப் பிள்ளைகள் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுத, பதில் வந்தது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அது நடுநிலை வகுப்புகளுக்கானது என்றாலும், பாடம் ஒன்று: எல்லாம் அறிந்த ஆசிரியரைவிட, சேர்ந்து தேடும் ஆசிரியரும் பின்னால் கேள்விக்குப் பதில் தேடித்தரும் சிறு குழுவும் போதும். முப்பதாண்டுக்குப் பின் 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிகாரிகள் மாறும்போது அடிபடாதபடி, இதைப் பெரிய திட்டமாக அறிவிக்காமல் பள்ளியளவில் தொடங்குவதே நல்லது.

பெற்றோரின் கடைசிக் கவலை, இடைநிலைப் பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்று. மலாயில் தேறாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க நேரும். வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை மலாய்க்குக் கொடுக்கக்கூடாதா? கொடுக்கலாம். ஆனால் எழுத ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு எந்த மொழியில் கட்டுரை சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. ஆறாம் ஆண்டின் இரண்டாம் பாதியில் மின்மினிக்காரி தன் கோப்பின் ஒரு பகுதியை மலாயில் எழுதட்டும். அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும், சொற்களை அவளே தேடுவாள். தேர்வும் இனித் தடையன்று: 1988 முதல் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கிய ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் எடுக்கப்பட்டது, மதிப்பீடு வகுப்பறைக்குள் வந்துவிட்டது. 150 பேருக்குக் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று பதிவேட்டில் எழுதி வருந்துகிறோம்; இந்த யோசனைக்கு அந்தச் சின்ன அளவே பலம். 120 மணி நேரத்தில் ஒரு பிள்ளை சேர்த்த கோப்பை ஆசிரியர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்க, எண்ணூறு பேர் படிக்கும் பட்டணத்துப் பள்ளியில் நேரம் கிடைக்காது. வகுப்புக்குப் பத்துப் பேர் உள்ள தோட்டப் பள்ளியில் கிடைக்கும். செலவு என்று பார்த்தால் பத்துக் கோப்புகள், ஓர் உருப்பெருக்கி, ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு வேன் வாடகை. அதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானித்துவிடலாம்.