எக்கப்பலைத் தெரிவது?



இலண்டனில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர், குடும்பத்தோடு உல்லாசக் கப்பலிற் செல்ல விழைந்து, என் ஆலோசனையை வேண்டினார். அவர் தெரிந்திருந்தது ‘குயீன் மேரி 2’. 2004இல் முதற்பயணம் புறப்பட்ட அக்கப்பலிற் பெரிய நூல்நிலையமும் கோளரங்கமும் உள. சவுதம்ப்டனிலிருந்து நியூயோர்க் செல்லப் பெரும்பாலும் 7 இரவுகள். இடையிற் காண்பது கடல் ஒன்றே.

பதினேழு வயது மகளோ, “அப்பா, இது உங்கள் விடுமுறையா, எங்கள் விடுமுறையா?” என்றாளாம். அவள் விரும்பியது 2024இல் மியாமியிலிருந்து கன்னிப்பயணம் புறப்பட்ட ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’. 20 தளங்கள், நீர்ச்சறுக்குகள், பதின்ம வயதினர்க்குத் தனிக்கூடம். அங்கே சலிப்பில்லை, ஆயின் பெற்றோர் பிள்ளைகளைக் காண்பதும் அரிதாகலாம்.

நான் எழுதினேன்: “இரு கப்பல்களின் தளப்படங்களையும், செலவுக் கணக்கையும் பிள்ளைகளிடமே கொடுங்கள். தெரிவு அவர்களுடையதாகட்டும். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: இரவுணவு அனைவரும் ஒரே மேசையில். விரைவில் வீட்டைவிட்டுப் படிக்கச் செல்லவிருக்கும் பிள்ளையோடு அமர்ந்து பேச இன்னும் எத்தனை இரவுகள் வாய்க்கும்?”

அவர் அவ்வாறே செய்தார். மகள் எக்கப்பலைத் தெரிந்தாள் என்று நான் கேட்கவில்லை. இரவுதோறும் மேசைக்கு முதலில் வந்தவள் அவளே என்று எழுதியிருந்தார்.