நன்கொடையோடு நிற்கலாமா?
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவர் ஒருவர் முதலீட்டைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தலையிடி, நித்திரையின்மை என்று என்னிடம் வரும் இளம் பெண்கள் சிலருக்கு மாத்திரையைவிடச் சொந்த உழைப்பில் ஒரு வருமானமே தேவையாக இருக்கிறது. கதை எழுதுவார்கள், படம் வரைவார்கள், காணொளி தயாரிப்பார்கள். பாராட்டுக் கிடைக்கிறது, கூலி கிடைப்பதில்லை. பல்லாண்டுகளாக, பேபால் வழியே இலங்கையிலிருந்து பணம் செலுத்த முடிந்தது, பெற முடியவில்லை.

2014இல் பெங்களூரில் ரஞ்சித் பிரதாப் சிங்கும் வேறு நால்வரும் 'பிரதிலிபி'யைத் தொடங்கினார்கள். தாய்மொழியில் வாசிக்கப் போதிய அளவு கிடைக்கவில்லையே என்பது அவருடைய குறை. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் எவரும் அங்கே எழுதலாம். முதலில் எல்லாம் இலவசம். பின்னர் வாசகர் சந்தா செலுத்தவும் எழுதியவருக்குப் பங்கு சேரவும் வழி செய்தார்கள். 2021இல் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனத்தின் தலைமையில் 48 மில்லியன் டொலர் முதலீடு வந்தது.

இத்தகைய இளையவரை முதலீட்டாளர் ஏன் நம்புகிறார்? குறையைத் தானே பட்டு அறிந்தவர் அதை எளிதில் கைவிடமாட்டார். எழுத்தாளர் உழைத்தால் மட்டுமே நிறுவனமும் உழைக்கும் என்பதால் இருவர் நலனும் ஒன்றாகிறது. ஒரு மொழியில் பழகிய முறையை அடுத்த மொழிக்கும் கொண்டுசெல்லலாம். ஆயினும் இத்தகைய முயற்சிகளில் பல தோற்கும். அது தெரிந்தே பணம் போடுகிறார்கள்.

எங்கள் சங்கக் கிளைகள் கட்டடத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் அள்ளிக் கொடுத்தவை. அது தொடரட்டும். ஆனால் நன்கொடை கொடுத்தவர் திறப்புவிழாவோடு போய்விடுவார். முதலிட்டவரோ மாதாமாதம் கணக்குக் கேட்பார், பிழை காட்டுவார், ஆட்களை அறிமுகம் செய்வார். எங்கள் தங்கைமாருக்கு அந்தக் கேள்விகளும் வேண்டும்.

2012இல் தொடங்கிய 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டியில் எங்கள் பிள்ளைகளின் எண்ணங்கள் மேடையேறின. மேடையிலிருந்து இறங்கிய பிறகுதான் கைப்பணம் தேவைப்படுகிறது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, திட்டத்தோடு ஒரு தங்கை வந்தால் ஒரு மணிநேரம் கேளுங்கள். இழந்தாலும் வீடு தளம்பாத தொகையை மட்டும் போடுங்கள். அவள் தோற்றால், ஊர் வாயில் அவளை விழவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள். அந்தத் துணை இருக்கும் என்று தெரிந்தால்தான் அடுத்தவள் துணிவாள்.